குணமாக்கியது எது? புராஸ்டேட் புற்றுநோயும் மாற்று மருத்துவமும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மெதடிஸ்ட் மருத்துவமனையின் தலைவராகப் பணியாற்றியவர் ஆந்தணி சட்டிலாரோ. மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த மருத்துவர். 1978-ஆம் ஆண்டு, ஐம்பது வயதுகூட நிறையாத நிலையில், அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சுரப்பிக்குள் நின்றிருந்தாலாவது ஆறுதல் கொண்டிருக்கலாம். விலா எலும்பு, முதுகெலும்பு, மண்டையோடு என எலும்புகளிலும் அது பரவிவிட்டிருந்தது. இனிச் சில ஆண்டுகளே என்பது மருத்துவர்களின் கணிப்பு.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் அவருடைய தந்தையும் புற்றுநோயால் இறந்துபோனார். அடக்கம் முடித்துக் காரில் திரும்பிக்கொண்டிருந்தவர், வழியில் கைகாட்டி நின்ற இரண்டு இளைஞர்களை ஏற்றிக்கொண்டார். இயற்கை உணவுச் சமையல் பயின்றவர்கள் அவர்கள். துக்கம் தாளாமல் தம் நோயைச் சொன்னபோது, புற்றுநோயைக் குணப்படுத்துவது அப்படியொன்றும் கடினமானதல்ல என்று அவர்களில் ஒருவர் கூறினார். ஒரு மருத்துவமனைத் தலைவருக்கே மருத்துவம் சொன்ன துணிச்சலை என்னவென்பது! ஆயினும் மரணத்தை எதிரில் கண்டவருக்கு அந்தச் சொல் உள்ளத்தில் தைத்துவிட்டது. ‘மாக்ரோபயாட்டிக்’ என்னும் ஜப்பானிய உணவுமுறையை அவர் கைக்கொண்டார். தீட்டாத அரிசி, காய்கறி, பருப்பு, கடற்பாசி ஆகியவையே உணவு. இறைச்சி, பால், சர்க்கரை ஆகியவற்றுக்கு இடமில்லை. 1979-இல் எடுத்த எலும்பு ஸ்கேனில் நோயின் சுவடே காணப்படவில்லை. 1982-இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. அரிசியும் காய்கறியும் புற்றுநோயை வென்றன என்று உலகெங்கும் பேச்சாயிற்று.

அந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போன செய்தி ஒன்றுண்டு. உணவுமுறையைத் தொடங்குவதற்கு முன்பே அவருக்கு அறுவை மூலம் விதைகள் நீக்கப்பட்டிருந்தன. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் இயக்குநீரும் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. இவற்றை அவர் மறைக்கவில்லை, நூலிலேயே சொல்லியிருந்தார். படித்தவர்களும் கேட்டவர்களும்தாம் அதனைக் கவனிக்கவில்லை.

அந்த இரண்டும் சாமானியமான சிகிச்சைகள் அல்ல. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் இயக்குநீரே உரம். அந்த உரத்தை நிறுத்தினால் பரவிய நோயும் சுருங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர் 1941-இல் நிறுவினார். அதற்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எலும்பு வலியால் படுக்கையில் துடித்த நோயாளிகள் அச்சிகிச்சைக்குப் பின் எழுந்து நடமாடியது மருத்துவ வரலாற்றில் பதிவான செய்தி. சட்டிலாரோவின் ஸ்கேன் தெளிந்ததற்கு அரிசியைத் தேடிப் போகவேண்டியதே இல்லை. ஆனால் இச்சிகிச்சைக்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகள் நோயை அடக்கிவைக்கும். பின்பு ஆண் இயக்குநீர் குறைந்த நிலையிலும் வளரும் வழியை நோய் கண்டுபிடித்துக்கொள்ளும். சட்டிலாரோவுக்கும் நோய் திரும்பியது. 1989-இல் அவர் அதனாலேயே இறந்தார். உணவுக் கட்டுப்பாட்டை அவர் தளர்த்தியதே காரணம் என்று அந்த முறையினர் கூறினர். குணமானால் உணவின் பெருமை, திரும்பினால் உண்டவரின் குற்றம் என்னும் இத்தகைய கணக்கில் மருந்து ஒருபோதும் தோற்பதில்லை.

எங்கோ பிலடெல்பியாவில் நடந்ததை இங்கே இவ்வளவு விரிவாகச் சொல்வானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். மருத்துவமனைத் தலைவரையே ஆட்கொண்ட ஆசை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு இயந்திரத்தோடு மல்லாடி ஓய்வு பெற்ற ஒருவரை ஆட்கொள்ளாமல் இருக்குமா? ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஜுமுஆ முடிந்து வெளிவரும் கூட்டத்தின் கைகளில் திணிக்கப்படும் துண்டறிக்கைகளைப் பாருங்கள். சர்க்கரை, மூட்டுவலி, புராஸ்டேட், புற்றுநோய் என அத்தனைக்கும் ஒரே புட்டியில் மருந்து! அறிக்கையைத் தூக்கி எறிந்தாலும் வாட்ஸ்அப் வழியே அதுவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை இந்திய அரசு 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றித் தடைசெய்துவிட்டது என்பது, விளம்பரம் செய்பவருக்கும் தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை.

நம் நாட்டிலும் அண்மையில் இதே கதை நடந்தது. கிரிக்கெட் வீரராக இருந்து அரசியலுக்கு வந்த நவ்ஜோத் சிங் சித்து, தம் மனைவியின் முற்றிய மார்பகப் புற்றுநோய் மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றால் வெல்லப்பட்டது என்று 2024 நவம்பரில் செய்தியாளர்களிடம் கூறினார். அவருடைய மனைவி அறுவையும் மருந்தேற்றும் சிகிச்சையும் பெற்றிருந்தவர். மும்பை டாடா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த இந்நாள், முன்னாள் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை வெளியிட்டனர். உணவுமுறை மருத்துவர்களின் ஆலோசனையோடு துணையாகவே பின்பற்றப்பட்டது என்று பிறகு அவர் விளக்கம் தந்தார். விளக்கத்தைப் படித்தவர் எத்தனை பேரோ!

புராஸ்டேட் புற்றுநோயில் இந்த மயக்கம் மற்ற புற்றுநோய்களைவிட ஆழமாக வேரோடியிருக்கிறது. நோயின் தன்மையே அதற்குக் காரணம்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப் பையின் அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது இச்சுரப்பி. வயதாக ஆக இது பெருப்பது இயல்பு. இரவில் நான்கைந்து முறை எழுவது, நீர் மெலிந்து வருவது, முடித்த பின்னும் சொட்டுவது ஆகியவை பெரும்பாலும் இந்தப் பெருக்கத்தின் விளைவுகளே. அது புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதும் அன்று. புற்றுநோயோ தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிடக்கூடும். நாட்டு மருந்தால் புராஸ்டேட் நோய் தீர்ந்தது என்று ஒருவர் சத்தியம் செய்து சொன்னால், அவருக்கு இருந்தது வெறும் பெருக்கமா, புற்றுநோயா என்பதை முதலில் கேட்கவேண்டும். பயாப்சி எனப்படும் திசுச் சோதனை செய்யாதவருக்கு அந்த விடையே தெரியாது.

அடுத்தது பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனை. இந்த எண் 4-ஐத் தாண்டினால் மேற்கொண்டு ஆராய்வது பொதுவான வழக்கம். ஆனால் இது புற்றுநோயால் மட்டும் உயர்வதில்லை. சிறுநீர்த் தொற்று வந்தாலும் உயரும், சுரப்பி பெருத்திருந்தாலும் உயரும். தொற்று தணிந்தால் தானே இறங்கும். எண் 9 என்று கண்டு அஞ்சியவர், ஒரு மண்டலம் கஷாயம் குடித்துவிட்டு மறுபடி சோதித்து 5 என்று கண்டால் எதைப் புகழ்வார்? கஷாயத்தைத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலானது நோயின் மந்த கதி. இதன் பல வகைகள் ஆமை வேகத்தில் வளர்பவை. வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் உடலை ஆராய்ந்தபோது, தமக்கே தெரியாமல் இந்நோயோடு வாழ்ந்து மறைந்தவர்கள் பலர் என்று தெரியவந்தது. அதற்காக எல்லாம் மந்தமானவை என்று எண்ணிவிடக் கூடாது. திசுவை நுண்ணோக்கியில் பார்த்து ‘கிளீசன்’ என்னும் மதிப்பெண் இடுவார்கள். 6 என்றால் மெதுவானது. 8, 9, 10 என்றால் வேகமாகப் பரவக்கூடியது. இருவர் ஒரே பள்ளிவாசலில் அருகருகே நின்று தொழலாம். இருவருக்கும் நோயின் பெயர் ஒன்றாகவே இருக்கலாம். ஒருவருடைய நோய் ஆமை, மற்றவருடையது பாம்பு. ஆமை வாய்த்தவர் தாம் உண்ட மருந்தைப் பாம்பு வாய்த்தவருக்குப் பரிந்துரைக்கும்போதுதான் விபரீதம் நேர்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. தம் கண்ணால் கண்டதையே சொல்கிறார்.

கண்டதை மட்டும் நம்பினால் போதாது, ஒப்பிட்டும் பார்க்கவேண்டும் என்பதை உலகுக்குக் கற்பித்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, மூளைச் சவ்வு அழற்சிக்கு இரத்தம் வடிப்பது பயன் தருமா என்று அறிய விரும்பினார். ஒரு பிரிவினருக்கு இரத்தம் வடித்தார். மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே வடிக்காமல் விட்டார். இரு சாராரின் நிலையையும் ஒப்பிட்டு முடிவுக்கு வந்ததைத் தம் ‘அல்ஹாவீ’ நூலில் குறித்துவைத்தார். மருந்து உண்டவர் பிழைத்தார் என்பது பாதிச் செய்தியே. உண்ணாதவர் என்ன ஆனார் என்பது மறுபாதி.

அந்த மறுபாதியைப் புராஸ்டேட் புற்றுநோயில் தெளிவாகக் காட்டிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. 1999 முதல் 2009 வரை 50 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட 82,429 ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. சோதனை செய்தார்கள். சுரப்பிக்குள்ளேயே நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் 1,643 பேர் ஆய்வுக்கு உடன்பட்டனர். அவர்களைச் சீட்டுப் போடுவதுபோல் மூன்றாகப் பிரித்து, ஒரு சாராருக்கு அறுவையும் ஒரு சாராருக்குக் கதிர்வீச்சும் அளித்தனர். எஞ்சிய 545 பேருக்கு உடனடிச் சிகிச்சை எதுவுமில்லை. தவறாமல் சோதித்துக் கண்காணிப்பது மட்டுமே. 2023-இல் வெளிவந்த முடிவைப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் கண்காணிப்புப் பிரிவில் 17 பேர், அறுவைப் பிரிவில் 12 பேர், கதிர்வீச்சுப் பிரிவில் 16 பேர். நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தாம்!

இப்போது கற்பனை செய்து பாருங்கள். அந்த 545 பேருக்கும் கண்காணிப்போடு காலையில் ஒரு கரண்டி தேனும் ஒரு சிட்டிகை கருஞ்சீரகமும் யாரேனும் கொடுத்துவந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பதினைந்து ஆண்டு கழித்து நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் இந்நோய்க்குப் பலியாகாமல் இருப்பதைக் காட்டி, அவர் மாளிகை கட்டியிருப்பார். தேனுக்குப் பதில் வெந்நீர் கொடுத்திருந்தாலும் அதே மாளிகைதான்.

இந்த ஆய்வைத் தவறாகப் படிப்பவர்களும் உளர். சும்மா இருந்தாலே போதும் போலும் என்று எண்ணுவார்கள். கண்காணிப்பு என்பது சும்மா இருப்பதன்று. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை; பின்னரும் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை. எண் ஏறியபோது சிகிச்சைக்கு மாறினார்கள். பதினைந்து ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 61 பேர் அவ்வாறு மாறிவிட்டனர். அப்படியிருந்தும் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்கள் கண்காணிப்புப் பிரிவில் நூற்றுக்கு 9 பேர். மற்ற இரு பிரிவுகளிலும் சுமார் 5 பேர். மறுபக்கம், அறுவைக்குப் பின் பல ஆண்டுகள் கழிந்தும் சிறுநீர்க் கசிவுக்காகத் துணிப்பட்டை அணியவேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு 18 முதல் 24 பேர். தாம்பத்திய ஆற்றல் குன்றுவதும் உண்டு. எந்த வழியிலும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை மருத்துவர் அமர்ந்து விளக்கிச் சொல்லாதபோது, நோயாளி எழுந்து வேறெங்கோ போய்விடுகிறார். நேரமின்மை, கூட்டம், ஆங்கிலச் சொற்கள், முகம் பாராமல் எழுதும் சீட்டு ஆகியவை மாற்று மருத்துவரின் வாசலுக்குக் கூட்டம் சேர்த்துத் தருகின்றன என்பதே என் எண்ணம். மாற்று மருத்துவர் அரைமணி நேரம் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார் அல்லவா?

சிகிச்சையை அடியோடு மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களின் கதியை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். மார்பகம், பெருங்குடல், நுரையீரல், புராஸ்டேட் என நான்கு புற்றுநோய்களில், பரவாத நிலையில் இருந்த 281 பேர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். புராஸ்டேட்டில் மட்டும் ஐந்தாண்டு முடிவில் திட்டமான வேறுபாடு தெரியவில்லை. மாற்று மருந்து பலித்ததால் அன்று. இந்த நோய்க்கு ஐந்தாண்டு என்பது குறுகிய காலம் என்று ஆய்வாளர்களே விளக்கினர். ஐந்தாண்டு நலமாக இருந்த ஒருவர் நம் தெருவில் சாட்சி சொல்லும்போது இதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

மூலிகை எதுவுமே பலிக்காது என்று நான் சொல்லவரவில்லை. ஒன்று பலிக்கத்தான் செய்தது. அமெரிக்காவில் 1996 முதல் ‘பிசி-ஸ்பெஸ்’ என்னும் பெயரில் எட்டு மூலிகைகள் அடங்கிய மாத்திரை விற்றது. ‘ஸ்பெஸ்’ என்றால் இலத்தீன் மொழியில் நம்பிக்கை என்று பொருள். அதை உண்டவர்களுக்கு பி.எஸ்.ஏ. எண் சரசரவென இறங்கியது. பல்கலைக்கழக மருத்துவர்களே வியந்து ஆய்வு தொடங்கினர். பிறகு மாத்திரைகளைச் சோதனைக்கூடத்தில் பகுத்துப் பார்த்தால், உள்ளே கலந்திருந்தது செயற்கை ஈஸ்ட்ரோஜன்! சட்டிலாரோவின் மருத்துவர்கள் அறிந்திருந்த அதே வகைச் சிகிச்சை, மூலிகை வேடத்தில். ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தை உறையச் செய்யும் அல்லவா? சில தொகுதிகளில் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்னும் ஆங்கில மருந்தும் இருந்தது. 2002-இல் மாத்திரை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில மருந்துக்கு அஞ்சி மூலிகை தேடியவர்கள், அளவு தெரியாமல், கண்காணிப்பு இல்லாமல், அதிக விலை கொடுத்து ஆங்கில மருந்தையே உண்டிருந்தார்கள். உறையில் பெயரும் உட்பொருளும் இல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் எந்தப் பொடியையும் கண்டால் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வரும்.

சத்து மாத்திரைகளும் அப்படியே. வைட்டமின் ‘ஈ’ இந்நோயைத் தடுக்கும் என்று நம்பி 35,533 ஆண்களைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும் ஆய்வு நடத்தினர். 2011-இல் வெளிவந்த முடிவின்படி, அதை உண்டவர்களுக்கு நோய் வரும் அபாயம் 17 சதவீதம் கூடியிருந்தது.

இனி நம் வீடுகளுக்கே உரிய கேள்விக்கு வருவோம். கருஞ்சீரகம் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கும்போது மருத்துவமனை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஹதீஸில் ஐயமில்லை. அதன் பொருளை விளக்கிய இமாம்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் பார்க்கவேண்டாமா? சொல் பொதுவானதாயினும் கருத்து குறிப்பானது. குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் விளையும் நோய்களையே அது குறிக்கும் என்று இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள் விளக்கினார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் நோயுற்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு மருத்துவரை அனுப்பிவைத்தார்கள். அவர் நரம்பு ஒன்றை வெட்டிச் சூடிட்டார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. கருஞ்சீரகம் மதீனாவில் கிடைக்காமலா மருத்துவர் அனுப்பப்பட்டார்? உணவில் கருஞ்சீரகத்தைச் சேர்த்துக்கொள்வதும், தேன் பருகுவதும், துஆ ஓதுவதும் நம் வழக்கம், இருக்கட்டும். திசுச் சோதனையின் இடத்தில் அவற்றை வைப்பதுதான் தவறு.

வெட்கமும் ஒரு பெரும் தடை. ஆசனவாய் வழியே விரலிட்டுச் சுரப்பியைச் சோதிப்பார்கள் என்று கேட்டதும் எழுந்து வந்துவிடுபவர்கள் உண்டு. சிகிச்சையின் தேவைக்காக மருத்துவர் அவ்ரத்தைப் பார்ப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. சோதனையும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். விதை நீக்கம் ஹராமாயிற்றே என்று வேறு சிலர் கலங்குகிறார்கள். இன்பத்தைத் துறப்பதற்காகச் செய்துகொள்வதுதான் விலக்கப்பட்டது. உயிரைக் காக்கும் சிகிச்சை அந்தக் கணக்கில் வராது. மேலும் இன்று அறுவைக்குப் பதிலாக, மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசியாலேயே ஆண் இயக்குநீரை அடக்கிவிட முடிகிறது. செலவு அதிகம் என்பதே அதிலுள்ள குறை.

பூந்தமல்லியிலிருந்து சென்ட்ரல் வரை செல்லும் பழைய பூந்தமல்லி நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். வழியில் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. சித்த மருத்துவக் கல்லூரியும் யூனானி மருத்துவக் கல்லூரியும் அவ்விடத்திலேயே உள்ளன. அதே சாலையில் மேலும் சென்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்ட்ரலுக்கு எதிரே இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இரண்டு மருத்துவமும் ஒரே சாலையில். ஒன்றை நாடினால் மற்றதற்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சித்தமோ யூனானியோ வேண்டுமென்றால், பெயர்ப்பலகை இல்லாத மாடிப்படிக்குப் போகாமல் பட்டம் பெற்றவரிடம் அங்கே போகலாம். ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மின்ரயிலில் வருபவர்கள் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் பொது மருத்துவமனை வந்துவிடும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொலைவுதான். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்நிலையத்துக்கு இன்று தமிழகம் முழுவதிலுமிருந்தும் ஏழைகள் வருகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உண்டு. தொழிற்பேட்டையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செலுத்தி ஓய்வு பெற்றவர்கள், சிறு தொகை கட்டி மருத்துவ வசதியைத் தொடரும் வழியும் இருக்கிறது. விசாரித்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே மாற்று மருத்துவத்தில் இறங்கிவிட்டவர் வீட்டில் இருந்தால் என்ன செய்வது? மகன் வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் கத்துவதால் பயனில்லை. “அத்தா, நீங்கள் எதை வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் மட்டும் சோதித்துவிடுவோம்” என்று சொல்லிப் பார்க்கலாம். பெரும்பாலான தகப்பன்மார் இதற்கு இணங்குவார்கள். எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவரவேண்டும். கிளீசன் மதிப்பெண் என்ன என்று பழைய அறிக்கையில் தேடவேண்டும். அது 8-க்கு மேல் என்றால் பேச்சை உறுதியாகவே தொடங்கவேண்டும். உண்ணும் பொடியையும் மெழுகையும் உறையோடு மருத்துவரிடம் காட்டவேண்டும், மறைக்கக் கூடாது. சித்த மருத்துவத்தில் புற்றுநோய்க்கு வழங்கும் இரசகந்தி மெழுகு போன்றவற்றில் பாதரசம் சேர்கிறது. சுரப்பி பெருத்துச் சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஆகவே யூரியா, கிரியாட்டினின் சோதனையும் அவசியம். முதுகுவலி நாளுக்கு நாள் கூடினாலோ, கால்கள் மரத்துத் தள்ளாடினாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ, மருந்து எதுவாயினும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடவேண்டும். முதுகுத்தண்டு அழுந்தியபின் கடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நடையைப் பறித்துவிடும்.

நெல்சன் மண்டேலாவுக்கு 2001-இல், 83 வயதில், இந்நோய் கண்டது. ஏழு வாரம் கதிர்வீச்சு ஏற்றுக்கொண்டார். அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 2013-இல் நுரையீரல் தொற்றால் மறைந்தார். அவருடைய நோயை யாரும் அதிசயக் கதையாகச் சொல்வதில்லை.

சிகிச்சை பெற்றவர்களும் பெறாதவர்களும் மதரஸாவுக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஹஜ்ரத், நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, ஜமாஅத்துக்கு வரலாமா?” அறுவைக்கு அஞ்சி நாட்டு மருந்தை நாடியவர்கள் சிலருக்கு மரண பயத்தைவிட இந்தக் கவலையே பெரிதாக இருக்கிறது, தொழுகை போய்விடுமே என்று. ஃபிக்ஹு நூல்கள் இத்தகையவரை மஃதூர், அதாவது தக்க காரணம் உடையவர், என்று வகைப்படுத்தி வழி சொல்லியிருக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபின்படி, வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணிப்பட்டை வைத்துக் கட்டி, ஒவ்வொரு ஃபர்ளான தொழுகைக்கும் தனியாக உளூச் செய்து, தாமதமின்றித் தொழவேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒரு வக்துக்குச் செய்த உளூ அந்த வக்து முடியும்வரை செல்லும். அதற்குள் ஃபர்ளும் கழாவும் நஃபிலும் தொழுதுகொள்ளலாம். தொழுகையின் நடுவே கசிந்தாலும் அது முறிந்துவிடாது. பள்ளிவாசலின் விரிப்பில் படாதபடி பட்டை அணிந்திருந்தால் ஜமாஅத்துக்குத் தாராளமாக வரலாம். முதியோருக்கான பட்டைகள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வெட்கமாக இருந்தால் பேரனை அனுப்புங்கள்.